இரண்டாவது நாற்காலி
உக்குவளையில் பிள்ளைகளுக்கு ஒரு நிரலாக்கத் திருவிழா

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பை நானே தெரிவு செய்யலாம் என்று அறக்கட்டளையினர் சொன்னார்கள். உக்குவளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கிற பிள்ளைகளை ஒரே நாளில் ஓரிடத்தில் கூட்டிக் கணினி நிரலாக்கம் பழக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே சில காலமாக இருக்கிறது. பழைய மாணவர்களும் அதைக் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள். அதை எப்படி நடத்துவது என்பதையே இன்று பேசப் போகிறேன். பல வருடங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு கடனும் இருக்கிறது. முதலில் அந்தக் கடனைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் பொறுப்பெடுத்து ஒரு கணினி முகாம் நடத்தினேன். இருபது கணினிகள், நாற்பது பிள்ளைகள். ஒரு கணினிக்கு இரண்டு நாற்காலி போட்டோம். காலை முதல் மாலை வரை அறை கலகலவென்று இருந்தது. பதாகை, பிரமுகர், புகைப்படம், சான்றிதழ் எதிலும் குறையில்லை. மாலையில் பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன், இன்று என்ன செய்தீர்கள் என்று. தரம் 7 படிக்கிற ஒரு பிள்ளை எழுந்து நின்று, "நான் பாத்துக்கிட்டு இருந்தேன் சேர்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். பக்கத்தில் இருந்த பையன் காலையில் பிடித்த சுட்டியை மாலை வரை விடவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது; கொடு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தேன். இருபது இரண்டாவது நாற்காலிகள். அவற்றில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள், தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள், வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள். நாற்பது பேருக்கு முகாம் நடத்தியதாக அறிக்கை எழுதினேன். உண்மையில் இருபது பேருக்கே நடத்தியிருக்கிறேன்.

ஆகவே பெரிய விழா என்று யார் சொன்னாலும் என் கண் இரண்டாவது நாற்காலிக்கே போகிறது. இன்று நான் சொல்லப்போகும் திகதி, மின்சாரம், சாப்பாடு, மொழி எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் இருந்துகொண்டே பாருங்கள்.

நிரலாக்கம் என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு வார்த்தை. "பஸ் வந்தா ஏறு, வராட்டி நட" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறோமே, அது ஒரு நிரல். நிபந்தனை இருக்கிறது, அது நிறைவேறினால் ஒரு செயல், இல்லாவிட்டால் இன்னொரு செயல். "கொதிக்கிற வரைக்கும் கிண்டு" என்பதும் நிரல்தான். பாடப்புத்தகத்தில் அதை மீள்செய்கை என்கிறோம். மனிதப் பிள்ளைக்குச் சொல்லும்போது பாதியை அவளே ஊகித்துக்கொள்வாள். கணினி ஊகிக்காது. ஒன்றும் விடுபடாமல், வரிசை பிசகாமல் சொல்லப் பழகுவதுதான் நிரலாக்கம். அந்தப் பழக்கம் வந்த பிள்ளைக்குக் கணக்கும் கட்டுரையும்கூட இலகுவாகும் என்பது என் வகுப்பறை அனுபவம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மொழியில் நிபந்தனை முன்னால் வரும், "ஆல்" பின்னால் ஒட்டும். முத்து அண்ணாமலை உருவாக்கி 2013இல் பொதுவெளிக்குத் தந்த எழில் என்ற தமிழ் நிரலாக்க மொழி இதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதில் நிபந்தனையை முதலில் எழுதி, அதன் பின்னால் "ஆனால்" என்று எழுத வேண்டும். மறுபக்கத்துக்கு "இல்லை". முடிவுக்கு "முடி". திரையில் காட்ட "பதிப்பி". தமிழில் சிந்திக்கிற பிள்ளை தான் சிந்திக்கிற வரிசையிலேயே எழுதலாம். தொழிலுக்குப் போகும்போது பைதனோ ஜாவாவோ படிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் நாளிலேயே ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் தடுக்கி விழுந்த பிள்ளை, தனக்குக் கணினி வராது என்று முடிவு கட்டிவிடுகிறாள். அவளுக்கு வராதது அந்தச் சொல் மட்டுமே.

பிள்ளைகளுக்கென்று நிரலாக்கம் தொடங்கியது நேற்று அல்ல. 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சொலமன், வாலி ஃபர்சைக் ஆகியோர் லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் ஓர் ஆமை உண்டு. முன்னே போ, வலப்புறம் திரும்பு என்றால் அது நகர்ந்து கோடு வரையும். ஆமை எப்படித் திரும்ப வேண்டும் என்று தெரியாத பிள்ளையிடம், நீயே ஆமையாக நடந்து பார் என்றார் பேப்பர்ட். நான் இதைப் பாடசாலை மைதானத்தில் செய்திருக்கிறேன். சதுரம் நடக்கச் சொன்னால் எல்லோரும் நடந்துவிடுவார்கள்: பத்து அடி, 90 பாகை திரும்பு, நான்கு தடவை. அடுத்து சமபக்க முக்கோணி நடக்கச் சொல்ல வேண்டும். கோணம் 60 பாகை என்று புத்தகத்தில் படித்த பிள்ளை 60 பாகை திரும்புவான். மூன்றாவது பக்கம் முடியும்போது தொடங்கிய இடத்துக்கு வந்திருக்க மாட்டான். கீழே பார்ப்பான், திரும்பவும் நடப்பான். பிறகு தன் தோளைப் பார்த்து, "சேர், நான் திரும்பறது வெளிப்பக்கம்" என்பான். 120 பாகை. வெளிக்கோணம் என்ற பாடத்தைக் கரும்பலகையில் நான் பல வருடம் சொல்லியும் ஏறாத பிள்ளைகளுக்கு அது காலால் ஏறியதைப் பார்த்தேன். பேப்பர்டின் வழிவந்தவர்தான் எம்.ஐ.டி. மீடியா லேப்பைச் சேர்ந்த மிச்சல் ரெஸ்னிக். அவருடைய குழு 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இன்று நம் பாடசாலைகளிலும் இருக்கிறது. கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் நிரல் ஆகிவிடும். இணையம் இல்லாமலும் இயங்கும். நமக்கு இது பெரிய வசதி.

இனிப் பெரிய விழாக்களுக்கு வருகிறேன். 2013 டிசம்பரில் கோட் டொட் ஓர்க் என்ற அமைப்பு ஹவர் ஒஃப் கோட் என்று ஒன்றைத் தொடங்கியது. உலகம் முழுக்க ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு மணித்தியாலம் நிரலாக்கம் செய்து பார்க்க வேண்டும். ஒரு கோடிப் பேர் என்று இலக்கு வைத்தார்கள், அதைத் தாண்டியும் வந்தது. கணினி முன்னோடி கிரேஸ் ஹொப்பரின் பிறந்த நாளான டிசம்பர் 9ஐ ஒட்டிய வாரம் அது. பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம், முன்னறிவு வேண்டாம், கணினி இல்லாதவர்களுக்குத் தாளில் செய்யவும் பயிற்சி உண்டு. அந்த வாசல் அகலத்தை நான் மதிக்கிறேன். அச்சத்தைப் போக்க ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் இரண்டாவது மணித்தியாலத்துக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் உக்குவளைக்கு இருக்கும் கேள்வி.

அதற்கு விடை சொல்வது அயர்லாந்தின் கோர்க் நகரம். ஜேம்ஸ் வெல்டன் என்ற இளைஞர் தன் பாடசாலையில் சக மாணவர்களுக்காகக் கணினிக் கழகம் ஒன்றை நடத்தி வந்தார். பில் லியாவ் என்ற தொழில்முனைவோருடன் சேர்ந்து அதை எல்லாப் பிள்ளைகளுக்குமாகத் திறந்தார். 2011 ஜூலையில் முதல் கோடர்டோஜோ அந்த நகரில் கூடியது. கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை, தொண்டர்களே நடத்துகிறார்கள். சிறிய பிள்ளைகளோடு பெற்றோரும் இருக்க வேண்டும். அங்கே எனக்குப் பிடித்த ஒரு நடைமுறை: ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் முதலில் மூன்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும், அதன் பிறகே பெரியவரிடம் வர வேண்டும். பெரியவர்கள் போதாத ஊருக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிறு கழகங்கள் பெருகிய பிறகுதான், 2012இல் டப்ளினில், பிள்ளைகள் செய்தவற்றைக் கொண்டுவந்து காட்டும் பெரிய கூடல் தொடங்கியது. கூலஸ்ட் புரொஜெக்ட்ஸ் என்று அதற்குப் பெயர். வாரந்தோறும் கூடுவது முன்னால் வந்தது, திருவிழா அதன் பின்னால் வந்தது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்டையில் கேரளமும் இதே வரிசையில்தான் போனது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளையும் மலையாளத்தையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அதன் மேல் 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கழகங்கள் ஏறத்தாழ 2,000 உயர்நிலைப் பாடசாலைகளில் எழுந்தன. முதலில் பாடசாலைக்குள் முகாம், பிறகு உபமாவட்டம், மாவட்டம், கடைசியில் மாநில முகாம். கணினியைப் பழுது பார்ப்பது முதல் சிறு அசைபடம் செய்வது வரை பிள்ளைகள் தம் பாடசாலைக்கே வேலை செய்கிறார்கள். நம் நாட்டில் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். போருக்குப் பிறகு தன்னார்வலர்கள் கட்டியெழுப்பிய யாழ் ஐ.டி. ஹப், யாழ் கீக் சலெஞ்ச் என்ற போட்டியை நடத்தி, பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு வைத்தது. போட்டி என்று பெயர் இருந்தாலும் அதன் உயிர் இடையில் நடந்த சுற்றுகளில் இருந்தது. தொழில்துறையில் இருக்கும் அண்ணன் அக்காமார் பிள்ளைகளின் அணிகளோடு உட்கார்ந்து வழிகாட்டினார்கள்.

இப்போது நம் ஊர்.

முதலில் திகதி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ. ஞாயிறு காலை முஸ்லிம் பிள்ளைகளுக்கு அஹதிய்யா, இந்துப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, சிங்களப் பிள்ளைகளுக்குத் தஹம் பாசல். போயா தினத்தைக் கேட்க வேண்டியதில்லை. மிஞ்சுவது சனிக்கிழமை. சனிக்கிழமை டியூஷன் என்பீர்கள், தெரியும். ஒரு சனிக்கிழமையை விட்டுத்தரும்படி டியூஷன் ஆசிரியர்களிடம் நாமே நேரில் போய்க் கேட்போம். மறுக்கமாட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் வரத்தானே போகிறார்கள். ரமழான் மாதம் வேண்டாம். தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சைகளுக்கு முந்திய வாரங்கள் வேண்டாம். உலகம் டிசம்பரில் நடத்துகிறது என்று நாமும் டிசம்பருக்குப் போகக் கூடாது. நமக்கு அது வடகீழ்ப் பருவமழைக் காலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை இந்த மலைகளில் என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மேலேயுள்ள தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும் என்றால் பாதை காய்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது எத்தனை பேர். ஆயிரம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் 240 என்கிறேன். காரணம் கணக்கு. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு தொண்டர் இல்லாவிட்டால் இரண்டாவது நாற்காலியை யாரும் பார்க்க மாட்டார்கள். 240 பிள்ளைகளுக்கு 40 தொண்டர்கள். இந்த ஊரிலும் மாத்தளையிலும் 40 பேரைத் தேடிப் பயிற்றலாம்; ஆயிரத்துக்கு வேண்டிய 167 பேரை இன்று நம்மால் பயிற்ற முடியாது. 240 பேரை 60 பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரிப்போம். நான்கு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 75 நிமிடம். கணினி அறை ஒன்று, மைதானம் ஒன்று, தாளில் கதையும் பாய்ச்சற்கோட்டுப் படமும் வரையும் மண்டபம் ஒன்று, சிறு கருவிகளைக் கையாளும் மேசை வரிசை ஒன்று. காலை 9 மணிக்குத் தொடங்கினால் இரண்டு சுற்று முடிந்து 11.45க்குச் சாப்பாடு, லுஹர் தொழுகை. 1 மணிக்கு மறுபடி தொடங்கி 3.45க்கு முடித்துவிடலாம். தோட்டப் பிள்ளைகள் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேர வேண்டும்.

கணினி அறைக்கு 30 கணினிகள் போதும், ஒன்றுக்கு இருவர். ஒருவர் சாரதி, சுட்டியும் விசைப்பலகையும் அவரிடம். மற்றவர் வழி சொல்பவர். கைகள் மடியில், கண்கள் திரையில், அடுத்து என்ன என்று சொல்வது அவர். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். மணி அடித்ததும் வேலை பாதியில் நின்றாலும் சரி, இருவரும் எழுந்து நாற்காலி மாற வேண்டும். சுட்டியை மட்டும் தள்ளிவிட்டால் போதாது, உடம்பே எழுந்து மாற வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே மாற்றினால் இரண்டு முறை மணி அடித்த பிறகு சுட்டி பழைய கைக்கே போய்விடுகிறது. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது. ஒரு மணித்தியாலத்தில் ஆறு முறை, ஆளுக்கு மூன்று முறை, 30 நிமிடம். அந்த 30 நிமிடம் ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. தொழில்துறையில் பெரிய மென்பொருளாளர்களும் இப்படி இருவர் இருவராக உட்கார்ந்து எழுதுவதுண்டு. ஆகவே வழி சொல்பவர் இடம் தாழ்ந்த இடம் என்று எந்தப் பிள்ளையும் நினைக்க வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. நான் பேசுகிறேன், ஏனென்றால் விழா நின்றுபோவது அங்கேதான். ஒரு 13 அம்பியர் குதை 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட் தாங்கும். திரையோடு சேர்த்து ஒரு மேசைக் கணினிக்கு 150 வாட் என்று வையுங்கள். முப்பதுக்கு 4,500. நீட்டிப்பு வயர் ஒன்றில் எல்லாவற்றையும் கோர்த்தால் விழுந்துவிடும், சூடேறித் தீயும் பிடிக்கலாம். ஆகவே இரண்டு தனித்தனிச் சுற்று, சுற்றுக்குப் பதினைந்து கணினி. முதல் நாளே ஊர் மின்தொழிலாளர் ஒருவர் வந்து பார்த்துவிட வேண்டும். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் விளக்கில்லாமல் இருந்தவர்கள் நாம். மின்சாரம் போனால் கணினி அறைக் குழு மைதானத்துக்குப் போக ஒரு திட்டம் கையில் இருக்கட்டும். இணையத்தை நம்பவே வேண்டாம். ஸ்கிராட்சை ஒரு வாரத்துக்கு முன்பே பென் டிரைவில் கொண்டுவந்து எல்லாக் கணினிகளிலும் ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளையைக் கொண்டே திறந்து பார்த்துவிட வேண்டும்.

மைதானத்தில் நடக்கப்போவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் கணினி இல்லாத இடத்தில் என்ன நிரலாக்கம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியூசிலாந்தின் கன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் நண்பர்களும் கணினியே இல்லாமல் கணினியியல் கற்பிக்கும் விளையாட்டுகளைத் தொகுத்தார்கள். அவற்றில் ஒன்று வரிசையாக்கும் வலை. விளையாட்டுப் போட்டிக்கு ஓடுபாதை போடும் அதே சுண்ணாம்பால் நிலத்தில் வட்டங்களும் கோடுகளும் வரைவோம். ஆறு பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அட்டையோடு ஒரு முனையில் நிற்பார்கள். கோடு வழியே நடந்தால் வட்டத்தில் இன்னொருவரைச் சந்திப்பார்கள். அட்டைகளை ஒப்பிட்டு முன்னால் வருவது இடப்பக்கம், பின்னால் வருவது வலப்பக்கம். அவ்வளவுதான் விதி. யாரும் முழு வரிசையையும் பார்க்க வேண்டியதில்லை. 12 ஒப்பீடுகள், பலர் ஒரே நேரத்தில் சந்திப்பதால் ஐந்தே படிகள், மறுமுனையில் ஆறு பேரும் சரியான வரிசையில் நிற்பார்கள். கணினிக்குள் நடப்பது இதுதான். இந்த விளையாட்டில் இரண்டாவது நாற்காலியே கிடையாது. ஒரு பிள்ளை நகராவிட்டால் வலையே நின்றுவிடும்.

அட்டையில் எண்கள் எழுதுவதுதான் வழக்கம். நாம் நம் ஊர்ச் சரக்குகளை எழுதுவோம்: மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம், கொக்கோ, கறுவா. அகராதி வரிசைக்கு வர வேண்டும். ஏலத்துக்கும் மிளகுக்கும் சண்டையில்லை. கராம்பும் கறுவாவும் ஒரு வட்டத்தில் சந்திக்கும்போது பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ரகரம் முன்னா, றகரம் முன்னா? அரிச்சுவடியை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள்: ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. கராம்பு இடப்பக்கம் போகும்.

மூத்த பிள்ளைகளுக்கு இங்கே இன்னொரு படி உண்டு. கறுவாவையும் கல்லுப்பையும் கொடுங்கள். அரிச்சுவடிப்படி லகரம் முந்தியது, ஆகவே கல்லுப்பு முன்னால். இதையே கணினியில் எளிய நிரல் ஒன்றால் வரிசைப்படுத்தினால் கறுவா முன்னால் வந்து நிற்கும். காரணம், யுனிகோட் அட்டவணையில் ரகரத்துக்கு அடுத்த இடம் றகரத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, லகரம் அதன் பிறகு. அந்த எளிய நிரல் இந்த எண்களை மட்டும் பார்க்கிறது. அதற்கு அரிச்சுவடி தெரியாது. தெரியவைப்பது யார்? தமிழ் தெரிந்த நிரலாளர். உக்குவளையில் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை இந்த இடத்தில் நின்று, "அப்ப நாம திருத்தி எழுதலாமா?" என்று கேட்டால் போதும், அந்த விழா எனக்குப் பலித்துவிடும்.

பிள்ளைகள் எதைச் செய்து காட்ட வேண்டும்? மேல்நாட்டுப் பூனையும் விண்கலமும் மட்டுமாக இருக்க வேண்டாம். நம் காலடியில் ஒரு பெரிய கதை ஓடுகிறது. பொல்கொல்லையில் தடுக்கப்படும் மகாவலி நீர் மலைக்குள் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே வந்து உக்குவளை மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றுகிறது. பிறகு சுது கங்கையில் கலந்து, அம்பன் கங்கை வழியே போவத்தென்னைக்கும் அப்பால் உலர் வலய வயல்களுக்கும் போகிறது. 1976இலிருந்து இது நடக்கிறது. நீர் இத்தனை அளவு இருந்தால் இங்கே திற, குறைந்தால் அங்கே மூடு, வயலுக்குத் தேவை கூடினால் என்ன செய்வது? ஒரு மதகுக்கு விதி எழுதும் பிள்ளை நிபந்தனையையும் மாறியையும் மட்டும் படிக்கவில்லை. மேலே இருப்பவன் அடைத்தால் கீழே இருப்பவனுக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் படிக்கிறாள். மின்நிலையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட அனுமதி கேட்டு இப்போதே கடிதம் எழுத வேண்டும்.

மொழி. உக்குவளையில் தமிழும் சிங்களமும் ஒரே கடையில் பேசப்படுகின்றன. விழாவிலும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு மேசையிலும் மும்மொழிச் சொற்தாள் ஒன்று இருக்க வேண்டும்: ஸ்கிராட்ச் கட்டத்தில் இருக்கும் ஆங்கிலச் சொல், அதன் தமிழ், அதன் சிங்களம். தொண்டருக்கு இரண்டு மொழி தெரிந்தால் மார்பில் இரண்டு நிறப் பட்டி. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரு கணினியில் சாரதியாகவும் வழி சொல்பவராகவும் இருக்க நேர்ந்தால் பிரிக்காதீர்கள். திரையில் கட்டம் நகர்வதைப் பார்த்து அவர்களே ஒரு பாஷை கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

சாப்பாடு சுருக்கமான விஷயம். எல்லோருக்கும் ஒரே மரக்கறிச் சோற்றுப் பார்சல், காலையில் பணிசும் பிளேன்டீயும். யாருக்கு எது ஆகும் என்று பிரித்து வைக்கத் தொடங்கினால் பிள்ளைகளையும் பிரித்து உட்கார வைத்துவிடுவோம். பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் சுருக்கம் வேண்டாம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது. பெற்றோரின் கையொப்பம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படமும் முகநூலுக்குப் போகக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் எல்லா வாசல்களிலும் பெரிதாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

பரிசு வேண்டாம் என்று சொல்கிறேன். இதற்கு எதிர்ப்பு வரும். முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் என்று கிண்ணம் கொடுத்தால் மூவர் சிரிப்பார்கள், 237 பேர் தோற்றவர்களாக வேனில் ஏறுவார்கள். இதுவரை நம் பிள்ளைகள் தோற்றது போதும், புலமைப்பரிசில் பரீட்சை அந்த வேலையைப் பத்து வயதிலேயே செய்துவிடுகிறது. போட்டியில் ஒளிரக்கூடிய பிள்ளைகளுக்குத் தகவலியல் ஒலிம்பியாட் இருக்கிறது. 1989இல் பல்கேரியாவில் தொடங்கிய அந்த உலகப் போட்டிக்கு நம் நாட்டுப் பிள்ளைகளும் போய் வருகிறார்கள். அவர்களைத் தனியாகப் பயிற்றுவோம். இந்த நாள் எல்லோருடைய நாள். நாளின் முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்ததைத் தன் வீட்டாரில் ஒருவருக்குத் தன் வாயால் விளக்கட்டும். அம்மாவோ அப்பாவோ கேட்க வேண்டிய கேள்வியையும் தாளில் எழுதித் தருவோம்: "இதில் எது முதலில் சரியாக வரவில்லை? நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?" பிரமுகர் உரைகள் இருந்தால் ஐந்து நிமிடம், பிள்ளைகள் வேலையைத் தொடங்கிய பிறகு, வேறு மண்டபத்தில்.

கடைசியாக, வரிசை. கோர்க்கும் கேரளமும் செய்த வரிசையில் நாமும் போவோம். அடுத்த தவணையில் எட்டுப் பாடசாலைகளில் வாரம் இரண்டு மணித்தியாலம் கூடும் கழகங்கள், கழகத்துக்கு முப்பது பிள்ளைகள். அந்த எட்டு முப்பதுதான் 240. திருவிழா அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் நாள். அடுத்த வாரமும் கழகம் கூடும். விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு தூரத்துத் தோட்டப் பாடசாலைகளின் வேன் கூலிக்கும், இரண்டாம் பங்கு கழகங்களின் பழைய கணினிகளைத் திருத்தவும் போகட்டும். மேடை அலங்காரத்துக்கு மிஞ்சினால் பார்க்கலாம்.

அன்று "பாத்துக்கிட்டு இருந்தேன்" என்ற பிள்ளைக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அவளுக்குப் பிள்ளைகள் இருக்கலாம், அவர்கள் இந்த ஊரிலேயே படிக்கலாம்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், தொலைபேசி இலக்கம், என்னென்ன மொழி பேசுவீர்கள் என்ற மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். தரம் 12, 13 மாணவர்கள், பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருப்பவர்கள், கொழும்பில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஊர் வருகிறவர்கள், நாற்பது பேர் வேண்டும். எனக்குக் கணினி தெரியாதே என்று தாய்மாரும் ஓய்வுபெற்றவர்களும் தயங்க வேண்டாம். சோற்றுப் பார்சல் கட்ட ஆள் வேண்டும், வேனில் பிள்ளைகளை எண்ணி ஏற்ற ஆள் வேண்டும், கணினி அறையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தவறாமல் மணி அடிக்க ஓர் ஆள் வேண்டும்.